கேட்காத இடத்தில் குற்றம் இல்லை என்று எழுதாதீர்கள்

குற்றத்துக்கு ஆளானவர்களை எண்ணும் சர்வே ஒன்றை வைத்து, இரண்டு நாளுக்கு முன் ஓர் இணையவழிக் கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினார்கள். வயது ஏற ஏறக் குற்றத்துக்கு ஆளாவது குறைகிறதாம். சமூகத்திலேயே மிகவும் பாதுகாப்பாக இருப்பவர்கள் முதியவர்களாம். ஆகவே அவர்களுக்கென்று தனிக் கவனம் தேவையில்லையாம். அந்த 'ஆகவே'தான் இரண்டு நாளாக மனசை அறுக்கிறது. "இந்த சர்வே யாரிடம் எடுத்தது?" என்று கேட்டேன். "தேசிய சர்வே, பல்லாயிரம் பேர்" என்றார் பேசியவர். எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. யார் என்று கேட்டேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இந்த மாதிரி சர்வேக்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. போலீஸுக்கே போகாத குற்றங்களையும் மக்களிடம் நேராகக் கேட்டு எண்ணுவதற்காகத் தொடங்கியவை இவை. அமெரிக்காவில் 1973 முதல் நடக்கிறது, பிரிட்டனில் 1982 முதல். ஆனால் இரண்டுமே வீடுகளை வைத்து நடப்பவை. முகவரிப் பட்டியலில் இருந்து வீட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கே குடியிருப்பவர்களிடம் கேட்பார்கள். அப்படியானால் முதியோர் இல்லத்தில் இருப்பவர்? சிறையில் இருப்பவர்? மனநலக் காப்பகத்தில் இருப்பவர்? தெருவில் படுத்துத் தூங்குபவர்? இவர்கள் யாரும் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பிறர் கையை எதிர்பார்த்து வாழ்கிறவர்கள், ராத்திரியில் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளத் தனக்கென்று ஒரு கதவு இல்லாதவர்கள், இவர்களைத்தான் விட்டுவிட்டு எண்ணுகிறோம். எண்ணிவிட்டு, பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்கிறோம்.

வீட்டில் இருந்த முதியவர்களையாவது முழுதாகக் கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டனின் அந்த சர்வேயில் (இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கானது) குடும்ப வன்முறை பற்றிய கேள்விகளுக்கு மடிக்கணினியைக் கையில் கொடுத்து ரகசியமாகப் பதில் போடச் சொல்வார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பல ஆண்டுகள் 59 வயதோடு அது நின்றுவிட்டது. 60 வயதுப் பெண்ணைக் கணவன் அடித்தால் அந்தக் கேள்விப் பகுதியில் அதைக் கேட்க ஆள் இருக்கவில்லை. 2017இல் வரம்பை 74 ஆக்கினார்கள், 2021இல்தான் மேல்வரம்பையே எடுத்தார்கள். குழந்தைகள் கதையும் இதேதான். 10 முதல் 15 வயதுள்ளவர்களிடம் கேட்க ஆரம்பித்ததே 2009இல். அதுவரை அந்த வயதில் யாரும் அடி வாங்கவில்லையா?

என் அத்தையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது. கடைசிக் காலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஒருமுறை பார்க்கப் போனபோது விரலில் மோதிரம் இல்லை. மேல்கையில் விரல் பதிந்த மாதிரி கன்றியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டால் பேச்சை மாற்றினார். வற்புறுத்திக் கேட்ட பிறகு என் காதருகே வந்து, "யார்கிட்டயும் போய்க் கேட்டுடாதே கண்ணு, அப்புறம் ராத்திரி பெல் அடிச்சா யாரும் வரமாட்டாங்க" என்றார். அந்தக் காலத்தில் சர்வேக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்து, இந்த வீட்டில் யாருக்காவது திருட்டு, தாக்குதல் நடந்ததா என்று கேட்டிருந்தால், "இல்லை" என்பதுதான் எங்களிடமிருந்து போயிருக்கும். அது பொய்யும் இல்லை. அத்தை எங்கள் வீட்டில் குடியிருப்பவர் இல்லையே! திருட்டும் நடந்தது, அடியும் விழுந்தது, கணக்கில் மட்டும் எதுவும் நடக்கவில்லை.

இதைச் சொன்னதும் "அப்போதே போலீஸில் புகார் கொடுத்திருக்கலாமே" என்று எழுத வருகிறவர்களுக்கு: பெல் அடித்தால் யார் வருவார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். புகார் கொடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தானே இந்த சர்வேயே பிறந்தது!

"மறதி நோய் உள்ளவர்கள் சொல்வதை எப்படி நம்புவது?" இது நியாயமான கேள்விதான். ஒரே சம்பவத்தை ஒவ்வொரு முறையும் ஒரு நாளில் நடந்ததாகச் சொல்லலாம், தேதி குழம்பும். ஆனால் இல்லத்தில் இருக்கிற எல்லோருக்கும் மறதி நோய் இல்லை. என் அத்தைக்கு இல்லை. கேட்கக் கூடியவர்களைக் கூட கேட்காமல் இருப்பதற்கு, கேட்க முடியாதவர்களைக் காரணம் காட்டாதீர்கள்.

அவர்களுக்குப் பதில் உறவினரைக் கேட்கலாம் என்கிறார்கள். அமெரிக்க சர்வேயில், உடல்நிலையோ மனநிலையோ காரணமாகப் பேச முடியாதவருக்காக இன்னொருவர் பதில் சொல்ல இடம் உண்டு. அந்த இன்னொருவரே அடிக்கிறவராக இருந்தால்? அங்கே மாற்றுத்திறன் பற்றிய கேள்விகளைச் சேர்த்தது 2007இல். 2017 முதல் 2019 வரையிலான கணக்கில், மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாக வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். கேட்டதால் வெளியே வந்த எண் இது. அதுவும் வீடுகளில் இருப்பவர்களுடையது மட்டும். காப்பகங்களில் இருப்பவர்கள் இதில் சேரவே இல்லை.

"பணம் ஆகும்." ஆகட்டும்.

"மூடிய இடங்களில் சர்வே நடத்தவே முடியாது." முடியும், செய்தும் காட்டிவிட்டார்கள். சிறைக்குள் நடக்கும் பாலியல் வன்கொடுமையை எண்ணியே ஆக வேண்டும் என்று அமெரிக்கா 2003இல் சட்டம் போட்டது. 2007இல் சிறைக்குள்ளேயே போய், கைதிகளுக்குத் தொடுதிரையும் ஹெட்போனும் கொடுத்துக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேள்வியைக் காதால் கேட்டு விரலால் பதில் சொல்லலாம், காவலருக்குத் தெரியாது. மாநில, மத்திய சிறைகளில் 4.5 சதவீதம் பேர் தங்களுக்கு நடந்தது என்றார்கள். கைதியிடம் ரகசியமாகக் கேட்க வழி கண்டுபிடித்தவர்களுக்கு, கட்டிலில் கிடக்கும் கிழவியிடம் கேட்க வழி தெரியாதா? சட்டம் கட்டாயப்படுத்திய இடத்தில் வழி பிறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

புதிதாக இவர்களைச் சேர்த்தால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும் என்ற வாதத்துக்கு ஓரளவு தலையசைக்கிறேன். அப்படியென்றால் தனி சர்வேயாக நடத்தி, தனி அட்டவணையாகப் போடுங்கள். ஆனால் இந்த ஒப்பீட்டு வாதம் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறோம். பிரிட்டன் சர்வேயில் ஒரே ஆள் ஒரே கொடுமையைத் திரும்பத் திரும்பச் செய்தால் ஐந்து வரைதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வருஷம் முழுக்க அடி வாங்கினாலும் ஐந்து. எண்கள் ஆண்டுக்கு ஆண்டு தாவக் கூடாதாம், அதற்காகத்தான். சில்வியா வால்பி போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் வாதாடிய பிறகு 2019இல்தான் அந்த முறையை மாற்றினார்கள். வரைகோடு நேராக இருப்பதற்காக ஒரு பெண் வாங்கிய ஆறாவது அடியை விட்டுவிட்டார்கள். எனக்கு அது ஆறவே ஆறாது.

"நம் நாட்டில் இப்படித் தொடர்ந்து நடக்கும் தேசிய சர்வேயே இல்லை, உங்களுக்கு ஏன் இந்தக் கோபம்?" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். அதனால்தான் கோபம். நம்மிடம் இருப்பது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை, அது போலீஸ் பதிவு செய்த வழக்குகளின் கணக்கு. நாளைக்கு இங்கேயும் சர்வே வரும். வரும்போது யாரை எண்ண வேண்டும் என்று வரைவு எழுதப் போகிறவர்கள், அன்று அந்த வரைபடத்துக்குத் தலையாட்டியவர்களாகத்தான் இருப்பார்கள். முதல் நாளிலேயே இல்லங்களையும் காப்பகங்களையும் தெருவில் தூங்குபவர்களையும் பட்டியலில் சேர்க்காவிட்டால், பிறகு சேர்க்க இன்னும் முப்பது வருஷம் ஆகும். அதற்குள் யார் யார் இருப்பார்கள்?

புள்ளியியல் துறையில் இருக்கும் நண்பர்கள் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். முதியோர் இல்லங்களுக்குள் போய் இப்படிக் கேட்ட முன்னோட்ட ஆய்வு எங்கே நடந்திருந்தாலும் இங்கே எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போகிறேன்.