வளர்ந்துடுவான்னு பெரிசா வாங்க அது யூனிஃபார்ம் இல்லை

அந்த வீடியோவை இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. பென்சில்வேனியா பக்கம் இருக்கும் நம்மாட்கள் அத்தனை பேரும் பார்த்தாயிற்று. 13 வயதுப் பையன், அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள், முதல் தோட்டா, அடுத்த நொடி ஸ்கோப் (மேலே பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கி) இடித்துப் புருவத்தில் ரத்தம். பின்னால் பெரியவர்களின் சிரிப்பு. கீழே "வேட்டைக்காரன் ஆயிட்டான்டா" என்று வாழ்த்து மழை. ".243 போதுமே, எதற்கு இவ்வளவு பெரிது?" என்று, உதை குறைந்த சின்னத் தோட்டாவைச் சொல்லி, ஒரே ஒரு வரி கேட்டேன். "பொம்பளைத் துப்பாக்கிக்கு ஏஜென்ட் வந்துட்டார்" என்று பதில் வந்தது. சந்தோஷம். ஏஜென்டாகவே பேசிவிட்டுப் போகிறேன்.

முதல் ரைஃபிள் பிள்ளையின் தோளுக்கு வாங்குவது. அப்பாவின் மீசைக்கு அல்ல.

எட்டு பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .300 வின் மேக் தோளில் உதைப்பது ஏறக்குறைய 25 அடி-பவுண்டு (உதையின் ஆற்றலை அளக்கும் அலகு). மற்ற தோட்டா வகைகளில், .30-06 என்றால் 20. .308 என்றால் 16 முதல் 18. 7எம்எம்-08, 6.5 கிரீட்மூர் இரண்டும் 12-ஐ ஒட்டி. .243 வெறும் 9. இதில் அந்தப் பையனுக்கு எதைக் கொடுத்தோம் என்று பாருங்கள். தோட்டாவின் எடை, ரைஃபிளின் எடையைப் பொறுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மூன்று மடங்கு வித்தியாசம் எங்கேயும் போகாது. லைட்டாக இருந்தால் பையன் தூக்குவான் என்று ஆறு பவுண்டு ரைஃபிளை வாங்கிவிட்டால் உதை இன்னும் கூடும். ஸ்கோப்போடு சேர்த்து ஏழு, ஏழரை பவுண்டு சரியாக இருக்கும்.

ஆனால் புருவம் கிழிந்ததற்குக் காலிபர் (தோட்டாவின் அளவு) மட்டும் காரணமில்லை. அதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. தோளில் முட்டுக் கொடுக்கும் கட்டைதான் ஸ்டாக்; அதன் பின்முனையிலிருந்து ட்ரிகர் வரை உள்ள நீளம் பெரியவர்களின் ரைஃபிளில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். அந்த வயதுக் கை அதற்கு எட்டாது. எட்டாததால் பையன் உடம்பைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை முன்னால் நீட்டுகிறான். ஸ்டாக்கின் பின்முனை தோள்குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவுகிறது. ஸ்கோப்போ அப்பாவின் கண்ணுக்குப் பொருத்தியது. மூன்றரை அங்குலம் தள்ளி இருக்க வேண்டிய கண் இரண்டு அங்குலத்துக்கு வந்துவிடுகிறது. அப்புறம் உதைத்தால் எங்கே படும்?

அளந்து பார்க்க அரை நிமிஷம் போதும். முதலில் தோட்டா உட்காரும் சேம்பரைத் திறந்து, அது காலியா என்று பாருங்கள். பிள்ளை முழங்கையை L வடிவில் மடக்கட்டும். ஸ்டாக்கின் பின்முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் வசதியாகப் படிந்தால் சரி, விரலை நீட்டித் தேட வேண்டியிருந்தால் நீளம் அதிகம். குளிர்காலத் தடி ஜாக்கெட் போட்டே அளங்கள், ஏனென்றால் வழக்கமான ரைஃபிள் மான் சீசன் நவம்பர் கடைசியில், தேங்ஸ்கிவிங்குக்கு அப்புறம், டி-ஷர்ட்டில் யாரும் போவதில்லை. எந்தக் கண் ஓங்கியது, அதாவது குறி பார்க்கும்போது எந்தக் கண் முந்துகிறது என்றும் பாருங்கள். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஓங்கியிருப்பது அபூர்வமில்லை. அதைப் பார்க்காமல் வலது பக்க போல்ட் (கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பகுதி) உள்ள ரைஃபிளை வாங்கிவிட்டு "குறி பார்க்கவே தெரியல" என்று அவனைத் திட்டுவது இன்னொரு கூத்து.

"வளர்ற பையன், பெரிசாவே வாங்கிட்டா ஒரு செலவோட போச்சு." இதைத்தான் அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் இரண்டு சைஸ் கூட்டி எடுத்த பழக்கம், கடல் தாண்டியும் விடவில்லை. ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட் ரைஃபிளில் ட்ரிகர் வரை உள்ள அந்த நீளம் 12.5 அங்குலம்தான். மாஸ்பெர்க் பேட்ரியட் சூப்பர் பான்டம் ரைஃபிளில் ஸ்பேசர் என்ற இடைத்துண்டைச் செருகினால் 12 அங்குலம் 13 ஆகிவிடும். வளர்ந்த பிறகு ஸ்டாக்கை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. செலவுக் கணக்கு போடுகிறவர்கள், மேக்னம் தோட்டாவின் விலை தெரிந்தும் பையன் பயிற்சி எடுப்பான் என்றா நினைக்கிறீர்கள்?

அடுத்தது, ".243-ல அடிச்சா மான் காயத்தோட ஓடிடும்." இது நியாயமான கேள்வி, நின்று பதில் சொல்கிறேன். .243 என்பது .308-இன் உலோகக் கூட்டின் வாயை ஆறு மில்லிமீட்டர் குண்டுக்குச் சுருக்கி 1955-இல் வந்த தோட்டா. 100 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு 200 கஜத்திலும் 1,300 அடி-பவுண்டை ஒட்டி வைத்திருக்கும். வெண்வால் மானுக்கு அது தாராளம். ஓடுவது எப்போது என்றால், கடைக்காரர் மலிவாகக் கொடுத்தார் என்று 55, 58 கிரெயின் வார்மின்ட் குண்டை வாங்கினால். அது கயோட்டி, கிரவுண்ட்ஹாக் போன்ற சிறு விலங்குகளுக்குச் செய்தது. தோள் எலும்பில் பட்டதும் உடைந்து சிதறிவிடும். 95, 100 கிரெயின் வேட்டைக் குண்டு, அல்லது முழுச் செம்பு என்றால் 80. முன்னங்காலுக்கு நேர் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். அங்கே விழுந்தால் .243 போதும். வயிற்றில் விழுந்தால் .300 மேக்னமும் காப்பாற்றாது. கண்ணை மூடிக்கொண்டு சுடுகிற பிள்ளையின் குண்டு எங்கே விழும், நீங்களே சொல்லுங்கள். .243 மனசுக்கு ஒப்பவில்லையா, 7எம்எம்-08 வாங்குங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

கண்ணை மூடுவது சும்மா சொன்னதல்ல. தெரிந்தவரின் மகள், 14 வயது, .308-இல் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமல் மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு டம்மியைச் செருகினார்கள். ட்ரிகரை இழுத்தாள். க்ளிக். சத்தமே இல்லை, ஆனால் பேரலின் நுனி இரண்டு அங்குலம் கீழே குத்தியது, கண் இறுக மூடியிருந்தது. அதுவரை "வலிக்கலை அங்கிள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். அப்பா கேமராவோடு நிற்கும்போது நிச்சயம் சொல்ல மாட்டார்கள்.

அதனால்தான் முதலில் சின்ன .22 ரைஃபிள். தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோவைவிட, கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் நல்லது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் யோசிக்க வைக்கும். பென்சில்வேனியாவில் மானுக்கு செமி ஆட்டோ ரைஃபிள் அனுமதியும் இல்லை, கை அந்தப் போல்ட்டுக்கே பழகட்டும். பெரிய ரைஃபிளை ஸீரோ செய்வது (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவது) அப்பாவின் வேலை, ஏனென்றால் பெஞ்சில் உட்கார்ந்து சுடும்போதுதான் உதை அதிகம் தெரியும். 25 கஜத்தில் தொடங்குங்கள். அங்கே குண்டு விழும் இடம் ஓர் அங்குலம் நகர ஸ்கோப் திருகில் 16 க்ளிக், 100 கஜத்தில் நான்கே க்ளிக். பையனுக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டா போதும், மிச்ச நேரம் .22. காதில் பிளக், அதன் மேல் மஃப், இரண்டும். ரைஃபிள் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும், 140-லேயே காது கெட ஆரம்பிக்கும். உதையைக் குறைக்கப் பேரல் நுனியில் மஸில் பிரேக் மாட்டுகிறேன் என்பவர்கள், அந்தச் சத்தம் பக்கவாட்டில் பிள்ளையின் காதுக்கே திரும்பும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

"தமிழனுக்கு எதுக்கு வேட்டை, பாவமில்லையா" என்று இன்பாக்ஸில் வந்தவர்களுக்கு: மட்டன் பிரியாணி படம் போட்ட அதே வாரத்தில் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இங்கே மாநிலமே லைசென்ஸ் கொடுக்கிறது. சட்டம் பேச ஆசையிருந்தால் இதைப் பேசுங்கள்: H-1B வேலை விசாவிலும், அவர்களின் குடும்பத்தாருக்கான H-4 விசாவிலும் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டுக்கு அந்தத் தடை இல்லை. காலாவதியான லைசென்ஸைப் பர்ஸில் வைத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேர் ரேஞ்சுக்குப் போகிறோம்? அதற்கு யாரும் சிரிப்பு எமோஜி போடுவதில்லை.

"நாங்கல்லாம் அப்படித்தான் கத்துக்கிட்டோம், ஆம்பளப் பையன் தாங்கணும்." இதற்கு எனக்குப் பொறுமை இல்லை. என்னை ஏஜென்ட் என்றீர்கள், போகட்டும். அந்தப் பையன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே "ஐ'ம் ஓகே" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தானே, அதையா ரசித்தீர்கள்? அடுத்த சனிக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி அவன் வராமல் இருந்தால், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு போன்தான் எல்லாம்" என்று இதே கூட்டம்தான் எழுதும்.

கீழே .300-க்கு வக்காலத்து வாங்க வருகிறவர்கள், உங்கள் பிள்ளையின் வயது, உயரம், முழங்கையில் வைத்து அளந்த நீளம் மூன்றையும் முதல் வரியில் எழுதிவிட்டு வாருங்கள். அளக்காமல் வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை.