ஃபில்டர் இருந்தால் மட்டும் போதுமா?
புதிதாகப் புகையிலைப் பைப் பிடிப்பவர்கள் யோசிக்காமல் ஃபில்டர் வைத்ததையே வாங்கலாம் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நானும் 9 மில்லிமீட்டர் ஃபில்டர் பைப்பில்தான் ஆரம்பித்தேன். ஃபில்டருக்குள் இருக்கும் கரி ஈரத்தை உறிஞ்சும், நாக்கு எரிச்சல் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் ஃபில்டர் தீர்ந்தபோது டவுன்ஹால் ரோட்டில் ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. சரி, வெறுமனே பிடிப்போம் என்றால், ஃபில்டர் இருந்த குழியில் ஈரம் தேங்கி ஹூக்கா மாதிரி குடுகுடு என்று சத்தம்! அந்த இடத்தை அடைக்க அடாப்டர் என்று ஒரு சின்னத் துண்டு உண்டு என்பது அப்புறம்தான் தெரிந்தது. வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

நாக்கு எரிவதற்குப் பாதிக் காரணம் நம் அவசரம். திண்டுக்கல் சுருட்டில் பழகிய என் மாமா பைப்பையும் அதே வேகத்தில் இழுத்துவிட்டு, மறுநாள் முழுக்க ஜிகர்தண்டாவும் மோரும்தான். ஈரப் புகையிலையைச் சற்று உலரவிட்டு, மெதுவாக இழுத்து, நடுவில் ஒருமுறை பைப் கிளீனரை (பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி) உள்ளே விட்டு எடுத்தால் ஃபில்டர் இல்லாத பைப்பே போதும்.

ஃபில்டர் இருந்தால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று எழுதிய வரியை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.