மறந்திருப்பீர்கள், மாப்பிள்ளை

எல்லையில் ஏதாவது நடந்தால் போதும், தொலைக்காட்சி விவாதத்தில் இரண்டே கட்சிதான். ஒன்று அடித்து நொறுக்கச் சொல்லும், இன்னொன்று பேசித் தீர்க்கச் சொல்லும். பேச்சும் பலமும் ஒன்றாகப் போக முடியாது என்று இவர்களுக்கு யார் சொன்னது? கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபிப் பக்கம் என் அப்புச்சியின் வயல், கீழ்பவானிக் கிளைவாய்க்காலின் கடைமடையில் இருந்தது. ஒருமுறை எங்கள் முறை வந்தும் தண்ணீர் வரவில்லை. மேல்மடைக்காரர் இரவெல்லாம் மடையைத் திறந்தே வைத்திருந்தார். விடிகாலையில் அப்புச்சி கிளம்பினார். பின்னாலேயே நானும் ஓடினேன். பங்காளிகள் நான்கு பேர் தோளில் மண்வெட்டியோடு வரப்பில் வந்து நின்றார்கள், வாயே திறக்கவில்லை. "மாப்பிள்ளை, அசதியில் மடையைச் சாத்த மறந்திருப்பீர்கள். சாத்திவிடுங்கள்" என்றார் அப்புச்சி. அவர் மறக்கவில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'மறந்திருப்பீர்கள்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வாய்க்காலில் இறங்கி மண்ணை இழுத்துப் போட்டார். மண்வெட்டிகள் இல்லாவிட்டால் அது கெஞ்சல். அந்தச் சொல் இல்லாவிட்டால் வெட்டுக்குத்து.

நமக்கு வடக்கே தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானுக்காக அவன் பகைவன் தொண்டைமானிடம் தூது போன ஔவை செய்ததும் இதுதான். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு முழுக்கத் தேடினாலும் மிரட்டலாக ஒரு சொல் கிடையாது.

1962இல் சோவியத் யூனியன் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் வந்த நெருக்கடியில், அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாவைச் சுற்றிக் கடற்படையைக் காவல் நிறுத்தினார். ஆனால் முற்றுகை என்றால் போர்ச் செயலாகிவிடும் என்று அதற்கு வேறு பெயர் வைத்தார். அக்டோபர் 27 இரவு அவர் தம்பி ராபர்ட், சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்தார். ஏவுகணைகளை நீங்கள் அகற்றாவிட்டால் நாங்கள் அகற்றுவோம் என்ற எச்சரிக்கையும், துருக்கியிலுள்ள அமெரிக்க ஏவுகணைகள் போய்விடும் என்ற ரகசிய உறுதியும் ஒரே சந்திப்பில் வந்தன. மறுநாளே சோவியத் தலைவர் குருசேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கியூபா மீது படையெடுப்பதில்லை என்ற அமெரிக்க வாக்குறுதி, ஊருக்குச் சொல்லிக்கொள்ள அவர் கையில் இருந்தது.

மேசையைத் தட்டிப் பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: எதிரி பின்வாங்கிப் போனால் தன் மக்களிடம் என்ன சொல்லிக்கொள்வான்? அவனுக்கு ஒரு 'மறந்திருப்பீர்கள்' வைத்திருக்கிறீர்களா?