மீதி 17 நிமிடம் எங்கே?

சனிக்கிழமை படம் போட்ட கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் "நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றது" என்று வரிசையாகப் பொன்னாடைப் படங்கள் வந்தன. அதற்கு மேல் முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். நிகழ்ச்சி நிறைவடையவில்லை. போட்ட படமே நிறைவடையவில்லை.

தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் பற்றிய 52 நிமிட ஆவணப்படம். 35-வது நிமிடத்தில் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம், நேரமில்லையாம். அதன் பிறகு அவர் 40 நிமிடம் பேசினார். படத்தில் மீதி இருந்தது 17 நிமிடம். இந்தக் கணக்கை யாராவது எனக்குப் புரியவைத்தால் பதிவை எடுத்துவிடுகிறேன்.

நான் இந்தப் படத்தைப் போன வருடம் சென்னையில் முழுசாகப் பார்த்தவள். அதனால் எந்த 17 நிமிடம் போனது என்று எனக்குத் தெரியும். முதல் 35 நிமிடத்தில் இருப்பது பட்டமும் பெருமையும். 1897-ல் தலச்சேரியில் பிறந்தது, சென்னையில் ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி, பிறகு மிச்சிகன் போய் 1931-ல் டாக்டர் பட்டம், 1934 முதல் 1939 வரை நம் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையம், அப்புறம் இங்கிலாந்து. மரபியல் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் எழுதிய குரோமோசோம் அட்லஸ் (பயிர்களின் உயிரணுக்களில் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையைத் தொகுத்த நூல்). சேலை மடிப்பில் ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன அணில். (அணில் வந்தபோது அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன்.)

கடைசி 17 நிமிடத்தில் இருப்பது கேரளத்து சைலண்ட் வேலி காடு. அதன் வழியே ஓடும் குந்திப்புழா ஆற்றில் மின்சாரத்துக்காக அணை கட்டினால் 8 சதுர கிலோமீட்டருக்கு மேல் மழைக்காடு தண்ணீருக்குள் போயிருக்கும். 1973-ல் மத்தியத் திட்டக்குழு அணைக்கு ஒப்புதலே கொடுத்துவிட்டது. அந்த நிலையில், 80 வயதை ஒட்டிய ஒரு அம்மா, ஏரியாகப் போகிற காட்டில் இருக்கும் மரங்களின் குரோமோசோம்களையெல்லாம் கணக்கெடுக்கப்போகிறேன் என்று கிளம்புகிறார். பத்மஸ்ரீ வாங்கியவர், அரசாங்கத்தின் தாவரவியல் துறையை மாற்றியமைக்க 1951-ல் நேரு கூப்பிட்டு வந்தவர். அப்படிப்பட்டவர்தான் அரசாங்கத் திட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார். 1984 பிப்ரவரி 7-ம் தேதி சென்னையை ஒட்டிய மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே இறந்துபோனார். அதே வருடம் நவம்பரில் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இதைத்தான் வெட்டினார்கள். சூழலியலாளர் என்று பேனர் அடித்துவிட்டு, அவர் சூழலுக்காக நின்ற பகுதியை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.

சரி, அந்த 40 நிமிடத்தில் என்ன கேட்டோம்? "நாம் இன்று குடிக்கும் காபியில் இருக்கும் இனிப்பு அந்த அம்மா போட்டது" என்றார் விருந்தினர். கைதட்டல். ஆனால் கோவையின் முதல் வெற்றிகரமான கலப்பினக் கரும்பு கோ 205. இங்கிருந்த விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கி 1918-ல் வெளிவந்தது. அப்போது ஜானகி அம்மாள் மாணவி. அவர் இங்கே செய்தது வேறு. நாணல் வகைக் காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் கலப்பினம் செய்து பார்த்தார். அதுவே எவ்வளவு பெரிய வேலை! செய்யாததற்குப் புகழ்ச்சி, செய்ததற்கு இருட்டடிப்பு. இது எப்படி மரியாதை ஆகும்?

அடுத்து, "அறிவியலுக்காகக் குடும்ப வாழ்க்கையைத் தியாகம் செய்த தாய்" என்றார். தியாகம் என்று யார் சொன்னது? வீட்டில் உறவுக்குள் கல்யாணம் பேசினார்கள். அவர் மிச்சிகனைத் தேர்ந்தெடுத்தார். தனக்குப் பிடித்ததைச் செய்த ஒரு பெண்ணை, பிடித்துத்தான் செய்தாள் என்று சொல்ல நமக்கு ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது? இதே கோவையில் சாதியாலும், தனியாக வாழும் பெண் என்பதாலும் அவர் பட்ட சங்கடங்களை அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் அம்மாவைக் கூட்டிப்போயிருந்தேன்.

அம்மாவுக்கு 75 வயது. இரண்டு முழங்காலும் போய்விட்டன. எங்கே கூப்பிட்டாலும் "நீ போயிட்டு வா கண்ணு" என்பவர், ஜானகி அம்மாள் படம் என்றதும் மத்தியானமே சேலை மாற்றி உட்கார்ந்துவிட்டார். அம்மா 1968-ல் பி.எஸ்ஸி. தாவரவியல் சேர்ந்தவர். ஜானகி அம்மாள் பெயரை முதலில் வகுப்பில் பேராசிரியை சொல்லிக் கேட்டாராம். இரண்டாம் வருடம் பாதியில் கல்யாணம். புகுந்த வீட்டுக்கு வரும்போது தான் சேர்த்த செடி மாதிரிகளை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தார். எல்லாம் செய்தித்தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, லத்தீன் பெயர் எழுதியவை. மருதமலையில் பறித்ததும் வாளையாறு போய்ப் பறித்ததும் அதில் இருந்தன. என் தங்கை பிறந்து அம்மா தாய்வீட்டில் இருந்த மூன்று மாதத்தில் அந்தப் பெட்டி வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பழைய காகிதம் என்று நினைத்திருக்கிறார்கள். இதை அம்மா என்னிடம் சொன்னதே எனக்கு நாற்பது வயதான பிறகு.

படத்தில் ஒரு இடம் வரும். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போகிறார் ஜானகி அம்மாள். அந்தப் பகுதியில் ஒரே ஒரு மரம்தான் இருக்கிறது என்று தெரிந்து, ஒரு அரிய மக்னோலியாவைத் தேடிப் போகிறார். போய்ப் பார்த்தால் அதை எரித்துவிட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தார். விளக்கைப் போடும் வரை விடவில்லை.

விளக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்: "ஏங்கண்ணு, அவ்வளவுதானா? அந்தம்மா கடைசியில என்ன பண்ணுனாங்கன்னே சொல்லலியே?"

மைக்கில் சால்வை மடிக்கிற சத்தம். நான் என்ன பதில் சொல்வது?

இப்போது, நான் எழுதியதைப் படித்ததும் வரப்போகிற கேள்விகள் தெரியும். "இலவசமாகப் போட்ட படத்துக்கு இவ்வளவு பேச்சா அக்கா?" இலவசம்தான். ஆனால் மூன்று வாரம் அந்தப் போஸ்டரை என் தெருவில் நாற்பது வீட்டுக்குக் கொடுத்தது நான். முழுப் படம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

"ஏற்பாட்டாளர் நல்ல மனுஷன்." ஆமாம், நல்லவர்தான். அதை நான் மறுக்கவில்லை.

"அரசியல் வேண்டாம் என்றுதான் அந்தப் பகுதியை விட்டார்கள்." இதை உண்மையாகவே ஒருவர் என் காதுபடச் சொன்னார், அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அணை வேண்டுமா காடு வேண்டுமா என்பது அன்றைக்கு லேசான கேள்வி இல்லை. மின்சாரம் வேண்டும் என்று கேட்டவர்களும் மக்கள்தான், அவர்கள் தேவையும் நியாயம்தான். அதைக் கேட்டுக்கொண்டு, விவாதித்து, கவிஞர்களும் ஆசிரியர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு அரசாங்கத்தின் மனதை மாற்றினார்கள். அதுதான் அந்தக் கதை. சைலண்ட் வேலி ஒன்றும் இமயமலையில் இல்லை. வாளையாறு தாண்டினால் பாலக்காடு மாவட்டம். நம் பிள்ளைகள் அதைப் பார்த்தால் எங்கள் வீதி முனையில் போன மாதம் வெட்டிய புளியமரத்தைப் பற்றி நாளைக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தானே இது? பயம் என்றால் பயம் என்று சொல்லுங்கள். நேரமில்லை என்று சொல்லாதீர்கள்.

"அங்கேயே எழுந்து கேட்டிருக்கலாமே" என்பவர்களுக்கு: எழுந்தேன். "கேள்வி நேரம் இல்லைங்க மேடம், நன்றியுரை இருக்கு" என்று மைக்கிலேயே சொன்னார்கள். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே "விடு சாமி" என்றார். விடச் சொல்லியே பழகியவர் அவர். அதைக் கேட்டதுதான் அன்றைக்கு எனக்கு அதிகம் வலித்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆட்டோவில் வைத்து மீதிக் கதையை நானே சொன்னேன். குந்திப்புழாவையும், மரம் மரமாகக் கணக்கெடுக்கப் போனதையும், மதுரவாயலில் வளர்த்த பூனைகளையும் சொன்னேன். ஆட்டோ சத்தத்தில் பாதி காதில் விழுந்திருக்காது. "அப்ப அந்தக் காடு இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருக்குதும்மா என்றேன்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். படம் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில், பேச்சு, பொன்னாடை எதுவும் தொடங்குவதற்கு முன்னால், 35-வது நிமிடத்திலிருந்து அந்த 17 நிமிடத்தைப் போடுங்கள். நாற்பது வீட்டுக்கும் நானே மறுபடி போய்ச் சொல்கிறேன். முன்வரிசையில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போட்டுவையுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.