இன்றைய வின்னிபெக் ஜெட்ஸ், பழைய ஜெட்ஸ் அல்ல

"1996-ல் கனடாவின் வின்னிபெக் நகரை விட்டுப் போன ஜெட்ஸ் ஐஸ் ஹாக்கி அணி, 2011-ல் ஊர் திரும்பியது" என்று ஒரு பதிவு சுற்றி வருகிறது. இது தவறு.

1996-ல் போன அணி அமெரிக்காவின் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் கயோட்டீஸ் ஆனது. 2011-ல் வந்ததோ அட்லாண்டா த்ராஷர்ஸ், 1999-ல் ஆடத் தொடங்கிய வேறொரு அணி. வின்னிபெக்குக்கு வந்ததும் பழைய பெயரைச் சூட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

சரி, பெயர்தானே என்று விட்டுவிட முடியாது. சாதனைக் கணக்குகள் அணியோடுதான் போகும். 1992-93-ல் டீமு செலானி அறிமுக வீரராக 76 கோல் அடித்தது வின்னிபெக் ரசிகர்களின் கண் முன்னால். ஆனால் அந்தக் கணக்கு கயோட்டீஸ் ஏட்டுக்குப் போய்விட்டது. பழைய ஜெட்ஸ் வீரர் பாபி ஹல்லின் 9-ஆம் ஜெர்சி எண்ணும் அப்படித்தான். அவருக்காக ஓய்வளிக்கப்பட்ட அந்த எண்ணை அரிசோனாவும் யாருக்கும் தராமல் காத்தது. 2005-ல் அவர் மகன் பிரெட் ஹல் அங்கே வந்தபோது அதே எண்ணை அணிந்து ஆடினார். ஊர் மாறிய ஓர் அணி பழைய ஊருக்குச் செய்த மரியாதைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

அதற்காக இன்றைய ஜெட்ஸுக்குப் பழைய வீரர்கள் மீது உரிமையே இல்லை என்பதும் சரியல்ல. 2016-ல் பாபி ஹல், ஆண்டர்ஸ் ஹெட்பர்க், உல்ஃப் நில்சன் மூவரையும் தன் புகழ் மன்றத்தில் சேர்த்தது இந்த அணிதான். பழைய ஜெட்ஸின் நட்சத்திரம் டேல் ஹாவர்சுக் இந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனாலும் 2022-ல் வின்னிபெக் நகர மையத்தில் அவருக்குச் சிலை எழுந்தது.