பழைய ரீவியில இரைஞ்ச புள்ளி

நேத்துப் பின்னேரம் உப்புவெளிக் கடற்கரையில அக்காட மகனோட இருந்தன், ஏ.எல். மெத்ஸ் படிக்கிறான். "மாமா, குவாண்டம் எண்டா அணுவுக்குள்ள நடக்கிறது, கேலக்ஸி அவ்வளவு பெரிசு, ரெண்டுக்கும் என்ன தொடர்பு?" எண்டு கேட்டான். ரியூசனில கேட்டதுக்கு பேப்பருக்கு வராது, இரு எண்டு சொல்லிட்டாங்களாம். எனக்கு அது சரியான கவலை, இதை விட நல்ல கேள்வி இருக்கா?

கரண்ட் இல்லாத காலத்தில எங்கட வீட்டில கார் பற்றரியில ஓடுற கறுப்பு வெள்ளை ரீவி ஒண்டு இருந்தது, அன்ரனா திரும்பிட்டா படம் போய் புள்ளி புள்ளியா இரையும், அப்பா கூரையில ஏறி நிண்டு "இப்ப வருதா?" எண்டு கத்துவார். அந்தப் புள்ளியில ஒரு சின்னப் பங்கு, பிரபஞ்சம் பிறந்து 3 லட்சத்து 80 ஆயிரம் வருசத்தில வெளிக்கிட்ட வெளிச்சம்! இப்ப ஆறி 2.7 கெல்வின். எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே சூடு, லட்சத்தில ஒரு பங்குதான் கூடிக் குறையுது. 1992இல கோபி செய்மதி காட்டின அந்தக் கூடக்குறையில இருந்துதான் பால்வெளி, சூரியன், கோணேசர் மலை எல்லாம் வந்தது.

அந்தக் கூடக்குறையை ஆர் போட்டது? இன்ஃப்ளேஷன் எண்டுதான் கனபேர் சொல்லுவாங்க, 1981இல அலன் கூத் சொன்னது, கண் மூடித் திறக்க முன்னமே பிரபஞ்சம் தாறுமாறா விரிஞ்சு குவாண்டம் நடுக்கத்தையும், அதாவது மிகச் சின்ன அளவில எப்பவும் இருக்கிற ஆட்டத்தையும், கேலக்ஸி அளவுக்கு இழுத்துப் பெருப்பிச்சிட்டுதாம். கணக்கு நல்லாப் பொருந்துது. ஆனா அதுக்கு அப்பிடி விரிய வைக்க இன்ஃப்ளாட்டன் எண்டொரு புலம் (காந்தப் புலம் மாதிரி எங்கும் பரவியிருக்கிற ஒண்டு) வேணும், அதை இன்னும் ஒருத்தரும் கண்டதில்ல. ஹெர்பர்ட் ஹாம்பர் எண்ட இயற்பியலாளர் ஆக்கள் கேக்கிறது, ஈர்ப்பு ஏற்கனவே இருக்கிற சாமான்தானே, அதுட குவாண்டம் நடுக்கம் மட்டும் காணாதா எண்டு. என்ட மனம் அந்தப் பக்கம்தான். புதுசா ஒண்டைக் கொண்டந்து வைக்க முதல் வீட்டில இருக்கிறதைப் பாவிச்சுப் பாக்கிறது நியாயம்.

அவசரப்படவும் கூடாது. 2014இல தென் துருவத்தில தொலைநோக்கி வச்சிருந்த பைசெப்2 குழு, இன்ஃப்ளேஷன் நடந்திருந்தா வந்திருக்க வேண்டிய ஆதி ஈர்ப்பலைட தடத்தை அந்தப் பழைய வெளிச்சத்தில கண்டிட்டம் எண்டாங்க, பிறகு பாத்தா அந்த சிக்னல எங்கட பால்வெளித் தூசியே தரக்கூடியது. அதைப் பிடிச்சதில, அந்தப் பழைய வெளிச்சத்தை வானம் முழுக்கப் படம் பிடிச்ச பிளாங்க் செய்மதிக்குப் பெரிய பங்கு. அது மேல போனது 2009 மே 14. அந்தக் கிழமை எங்கட சனம் வானத்தைப் பாக்கிற நிலையிலயா இருந்தது...

எது சரியெண்டு எப்பிடிப் பிடிக்கிற எண்டு கேட்டான். வானத்தைப் பெரிய கோணத்தில பாக்கேக்க, அங்கதான் இன்ஃப்ளேஷன் கணக்கும் ஹாம்பர் ஆக்கள்ட கணக்கும் விலகும், பிளாங்க் படத்திலயும் அந்த இடத்தில எதிர்பாத்ததை விடக் கூடக்குறை கம்மி எண்டன். போனைத் தாங்க மாமா எண்டு வாங்கி, நீலமும் செம்மஞ்சளுமா இருக்கிற அந்த முட்டை வடிவப் படத்தை எடுத்து வச்சு, பெரிய பெரிய திட்டா எண்ணத் தொடங்கிட்டான்.