காமாலை வந்தால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த வேண்டுமா? உண்மை விளக்கம்

"கடுமையான தொற்றோடு ஐசியூவில் இருப்பவருக்குக் கண் மஞ்சளானால், ஆன்டிபயாட்டிக் கல்லீரலைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு.

பல நேரங்களில் கல்லீரலைப் பாதிப்பது அந்தத் தொற்றேதான். கிருமி கல்லீரலுக்குள் போக வேண்டும் என்றுகூட இல்லை. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று இருந்தாலும், பாக்டீரியாவின் உறையிலிருந்து கழன்று வரும் நச்சு ரத்தத்தோடு கல்லீரலுக்கு வந்து சேர்கிறது, அங்கே காவலுக்கு இருக்கும் குப்ஃபர் செல்கள் சைட்டோகைன்கள் என்ற அழற்சியைத் தூண்டும் புரதங்களை வெளியிட, பித்தநீரைக் கல்லீரல் செல்லிலிருந்து நுண்குழாய்களுக்குத் தள்ளுகிற புரதப் பம்புகள் குறைந்துபோகின்றன. குழாயில் கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை, ஆனாலும் பித்தம் சரியாக ஓடாது. பித்தத்தோடு வெளியேற வேண்டிய பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி ரத்தத்துக்கே திரும்புகிறது. ரத்த அழுத்தம் சரிந்தால் கல்லீரலுக்கு ஆக்சிஜன் போதாமல் போவது இன்னொரு அடி.

சரி, மருந்தால் காமாலை வரவே வராதா? சில ஆன்டிபயாட்டிக்குகளால் வரும். அதையும் பித்தக்குழாய் அடைப்பையும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் பிரித்தறிவார், தேவைப்பட்டால் வேறு மருந்துக்கு மாற்றுவார். மாற்றுவது வேறு, நிறுத்துவது வேறு. தொற்றால் வந்த காமாலை, தொற்று அடங்கினால்தான் இறங்கும்.

அப்புறம், தொற்று குறைந்தும் மஞ்சள் போகவில்லையே என்று பதற வேண்டாம். பிலிரூபினில் ஒரு பகுதி ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. அது பாதியாகக் குறையவே 2 முதல் 3 வாரம் ஆகும்.